ரிக்ரெஸ் என்றால் பின்னடைவா?

நீங்கள் கேட்டிருப்பது ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் அதை ஆளும் விதமும். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லியிருக்கும் காரணத்தைப் படித்ததும், கேள்வி அகராதியைப் பற்றியது மட்டுமல்ல என்று தெரிந்தது. உங்கள் தாயாரின் ஸ்கேன் அறிக்கையில், கல்லீரலில் இருந்த கட்டி 'ரிக்ரெஸ்' ஆகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் பின்னடை, பின்செல், சீர்கெடு என்று போட்டிருக்கிறது. வீடே கலங்கிப்போயிருக்கிறது. அதே மாதத்தில், தம்பி பிறந்த பிறகு உங்கள் நான்கு வயது மகள் 'ரிக்ரெஸ்' ஆகிறாள் என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. இந்தச் சொல் நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. ஆகவே முதலில் அதற்குப் பதில்: கட்டி ரிக்ரெஸ் ஆகியிருக்கிறது என்றால் கட்டி சுருங்கியிருக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. வீட்டில் உள்ளவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மீதியைப் பொறுமையாகப் பிறகு படிக்கலாம்.

நான் மருத்துவர் அல்ல. இருபத்தாறு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவன். அதில் பெரும்பகுதி மருத்துவமனைப் படிவங்கள், மருந்துக் குறிப்புகள், நோயாளிகளுக்கான கையேடுகள். அந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கட்டி எவ்வளவு சுருங்கியது, மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன, சிகிச்சை தொடருமா என்பவற்றை ஸ்கேனையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறிக்கையில் ஒரு வரி நன்றாக இருந்து அடுத்த வரி வேறு மாதிரி இருப்பதும் உண்டு. அதனால் 'முடிவுரை' என்று கடைசியில் போட்டிருக்கும் பகுதியை அவரிடமே கேட்டுப் படியுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இது இலத்தீனிலிருந்து வந்தது. 'கிராடி' என்றால் அடியெடுத்து வைத்தல். 'கிராதுஸ்' என்றால் ஓர் அடி, ஒரு படி. 'ரி' என்ற முன்னொட்டுக்குத் திரும்ப, பின்னோக்கி என்று பொருள். வந்த படிகளின் வழியே திரும்பிப் போவது என்பதுதான் இதன் அடிப்படை. முன்னே அடி வைத்தால் 'புரோகிரஸ்', பேச்சில் வழி விலகினால் 'டைகிரஸ்', எல்லை தாண்டினால் 'டிரான்ஸ்கிரஸ்', எல்லோரும் ஒன்றுகூடி நடந்து வந்தால் 'காங்கிரஸ்'. எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கிரேடு, டிகிரி ஆகியவையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். இந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒன்று விளங்கும். ரிக்ரெஸ் என்ற வினை திசையை மட்டும் சொல்கிறது. நிலை நிலையாக வளர்ந்த ஒன்று, அந்த வளர்ச்சியின் முந்தைய நிலையை நோக்கித் திரும்புகிறது என்கிறது. அது நன்மையா தீமையா என்பதை எழுவாய் தீர்மானிக்கிறது. வளர்ந்தது கட்டியானால் திரும்புவது நன்மை. வளர்ந்தது குழந்தையின் பேச்சானால் திரும்புவது கவலை.

தமிழில் நாம் இடறுவது இங்கேதான். 'பின்னடைவு' என்ற நம் சொல் திசையோடு நிற்பதில்லை. தீர்ப்பையும் சேர்த்தே சுமக்கிறது. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் 'முன்னிலை', 'பின்னடைவு' என்று இரண்டு பத்திகள் ஓடுகின்றன. முதல் சுற்றிலிருந்தே பின்தங்கியிருக்கும் வேட்பாளரும் அங்கே பின்னடைவில்தான் இருக்கிறார். அவர் எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. ஒரு தலைவர் மருத்துவமனையில் இருக்கும்போது 'உடல்நிலையில் திடீர் பின்னடைவு' என்று தலைப்பு வந்தால், அதை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை, நெஞ்சு பதறுகிறது. அப்படிப் பழகிய கண்ணுக்கு 'கட்டி பின்னடைந்துள்ளது' என்ற வரியைக் கொடுத்தால் என்ன புரியும்? உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அகராதி தந்த சொல் பொய்யல்ல. ஆனால் அது நின்ற இடம் தவறு.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. புற்றுநோய் மருத்துவத்தில் 'புரோகிரஷன்' என்பது கெட்ட செய்தி: நோய் அடுத்த படிக்குப் போய்விட்டது, கட்டி வளர்ந்துவிட்டது அல்லது பரவிவிட்டது. 'ரிக்ரெஷன்' நல்ல செய்தி. பள்ளியிலும் அலுவலகத்திலும் நாம் கற்ற பொருள் இங்கே தலைகீழாகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மருந்து ஆய்வில் பங்கேற்பவர்களுக்கான ஒப்புதல் படிவத்தைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். 'நோயில் முன்னேற்றம் ஏற்பட்டால் இந்த மருந்து நிறுத்தப்படும்' என்று தமிழில் இருந்தது. சொல்லுக்குச் சொல் சரி. ஆங்கிலத்தில் அதன் பொருள், மருந்தையும் மீறி நோய் முற்றினால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்பது. தமிழில் அதைப் படிப்பவர், உடம்பு தேறினால் மருந்து வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் பட்டது; ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உயிருக்குப் போராடும் ஒருவர் கையெழுத்துப் போடப்போகும் தாள் அது. 'நோய் முற்றினால்' என்று திருத்தினேன். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் பார்த்தால் என் பேனா ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது.

மருத்துவ ஆங்கிலத்தில் இதன் அருகே நிற்கும் வேறு சில சொற்களும் குழப்பம் தருபவை. 'ரிலாப்ஸ்' என்றால் அடங்கியிருந்த நோய் மறுபடி தலைதூக்குவது. அது கெட்ட செய்தி. ரிக்ரெஸ் என்று இருப்பதை ரிலாப்ஸ் என்று மனம் படித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓசை அவ்வளவு நெருக்கம். 'ரிக்கரன்ஸ்' என்றால் அகற்றிய கட்டி மீண்டும் வருவது. 'ரெமிஷன்' என்றால் நோயின் அடையாளங்கள் குறைந்தோ மறைந்தோ நோய் அடங்கியிருக்கும் காலம். ரெமிஷன் நோயாளியைப் பற்றிச் சொல்வது. ரிக்ரெஸ் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு கட்டியையோ புண்ணையோ வீக்கத்தையோ பற்றிச் சொல்வது. அதிலும் ரிக்ரெஸ் என்றால் முழுவதும் மறைந்துவிட்டது என்று பொருளில்லை. பாதியாகக் குறைந்தாலும் அந்த வினைதான். அடையாளமே இல்லாமல் போனாலும் அந்த வினைதான். முன்னே 'முழுமையாக', 'ஓரளவு' என்று அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தே இல்லாமல் இப்படி நடப்பதும் உண்டு. சில கைக்குழந்தைகளின் தோலில் செம்பழம் போலப் புடைத்து வரும் இரத்தக்குழாய்க் கட்டி, முதல் ஆண்டில் விறுவிறுவென்று வளர்ந்து, பிறகு சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல வடிந்துவிடும். மருத்துவர் அதையும் ரிக்ரெஸ் என்றுதான் எழுதுவார். தாய் அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றிய வாக்கியம் வேறு துறையிலிருந்து வருகிறது. உளவியலில் இந்தச் சொல்லை ஊன்றியவர் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டு. 1900-இல் கனவுகளைப் பற்றி எழுதியபோதே இதைக் கையாண்டார். அவருடைய மகள் அன்னா பிராய்டு, மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் வழிகளில் ஒன்றாக இதை வைத்தார். நெருக்கடி வரும்போது மனம் தனக்குப் பாதுகாப்பாக இருந்த முந்தைய பருவத்துக்குப் போய் ஒதுங்குகிறது என்பது அந்தக் கருத்து. பிராய்டின் கோட்பாடு முழுவதையும் இன்றைய உளவியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சொல் சுட்டும் காட்சியை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கழிவறைக்குத் தானே போகப் பழகிய பெண், தம்பி பிறந்ததும் படுக்கையை நனைக்கிறாள். விட்டிருந்த விரல் சூப்பும் பழக்கம் திரும்புகிறது. மழலை திரும்புகிறது. 'தம்பியைப் பார்த்து இவளும் கைக்குழந்தை ஆகிவிட்டாள்' என்று பாட்டிகள் சொல்வார்களே, அதுதான் பள்ளிக் குறிப்பின் சரியான மொழிபெயர்ப்பு. பொதுவாக இது தற்காலிகம். திட்டாமல், கேலி செய்யாமல், மடியில் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தானே சரியாகும்.

ஆனால் இதே வினைக்குக் குழந்தை மருத்துவத்தில் கனமான இன்னொரு பயன்பாடும் உண்டு. பேசத் தொடங்கிய குழந்தை, ஏறத்தாழ இரண்டு வயதை ஒட்டி, கற்ற சொற்களையும் கண்ணைப் பார்த்துச் சிரிப்பதையும் இழந்துவிடுவதை மருத்துவர்கள் ரிக்ரெஷன் என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் இது காணப்படுகிறது. வீட்டில் தம்பி பிறந்ததால் அடம்பிடிப்பதும், தெரிந்த சொற்கள் கரைந்துபோவதும் ஒன்றல்ல. எந்த வயதானாலும் குழந்தை கற்ற பேச்சையோ நடையையோ இழப்பதாகத் தோன்றினால், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகள் முதல் வகை என்றே தோன்றுகிறது. இருந்தாலும் ஆசிரியையிடம் எதைப் பார்த்து அப்படி எழுதினார்கள் என்று நேரில் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது துறை புள்ளியியல். ரிக்ரெஷன் என்ற சொல்லை இன்று உலகில் அதிகம் பேர் சந்திப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன். இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன், பெற்றோரின் உயரம் பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்று அறிய விரும்பினார். 1886-இல் வெளியிட்ட கட்டுரையில் 205 பெற்றோர் இணைகளையும் வளர்ந்த 928 பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கதாக்கினார். தாய் தந்தை இருவரின் சராசரியைக் கணக்கிட்டார். அவர் கண்டது இது: பெற்றோர் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் உயரமாக இருந்தால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம் மட்டுமே உயரமாக இருந்தார்கள். குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அதே விகிதத்தில் சராசரியை நோக்கி நகர்ந்திருந்தார்கள். அதற்கு முன் பட்டாணி விதைகளில் இதையே கண்டபோது அவர் 'ரிவர்ஷன்' என்ற சொல்லை வைத்திருந்தார். பிறகு அதை மாற்றி, நடுத்தரத்தை நோக்கிய ரிக்ரெஷன் என்றார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயரமான பிள்ளைகளை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவர்களின் பெற்றோரைப் பார்த்தால், அந்தப் பெற்றோரும் சராசரிக்கு நெருக்கமாகவே இருப்பார்கள். தலைமுறை முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே தோற்றம். ஆக உண்மையில் எதுவும் எங்கும் திரும்பிப் போகவில்லை. அசாதாரணமான ஒன்றைப் பொறுக்கி எடுத்தால், அதோடு தொடர்புடைய அடுத்தது அவ்வளவு அசாதாரணமாக இருக்காது; அவ்வளவுதான். ஒரு தேர்வில் 98 வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வில் 88 வாங்கினால் அவன் கெட்டுப்போய்விட்டான் என்று வீட்டில் கூச்சல் எழுகிறது. அந்த 98-இல் திறமையோடு கேள்வித்தாளின் தயவும் கொஞ்சம் கலந்திருந்தது; 88 அவனுடைய வழக்கமான இடம். ஆங்கிலத்தில் இதையும் ரிக்ரெஸ் என்பார்கள், 'சராசரியை நோக்கி' என்ற சொற்களைச் சேர்த்து. அந்தச் சேர்க்கை இருந்தால் சீரழிவு என்ற பொருள் அந்த வினையிலிருந்து முற்றிலும் நீங்கிவிடுகிறது. பிள்ளைகளைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள்.

கால்டனின் சொல் பிறகு ஒரு கணக்கீட்டு முறைக்கே பெயராகிவிட்டது. ஓர் அளவு மாறும்போது இன்னோர் அளவு எப்படி மாறுகிறது என்று கோடு வரைந்து காணும் முறை அது. அதில் பின்னே போவது எதுவும் இல்லை. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் 'தொடர்புப் போக்கு' என்கின்றன. பெயரைப் பெயர்க்காமல் முறையைப் பெயர்த்த அருமையான சொல் அது. 'பின்னடைவுப் பகுப்பாய்வு' என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாணவன் என்னவோ வீழ்ச்சியைக் கணக்கிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறான். இந்தத் துறையில் வினை செயப்படுபொருளை ஏற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 'செலவை வருமானத்தின் மீது ரிக்ரெஸ் செய்தோம்' என்கிற பாணியில் எழுதுவார்கள். எதை விளக்க வேண்டுமோ அது வினையை அடுத்து வரும். எதைக் கொண்டு விளக்குகிறோமோ அது 'ஆன்' என்ற உருபுக்குப் பிறகு வரும். மேலே சொன்ன வாக்கியத்தில் விளக்கப்படுவது செலவு. மொழிபெயர்ப்பில் இந்த வரிசை புரண்டால் ஆய்வின் முடிவே புரண்டுவிடும்.

பொருளாதாரத்தில் வரும் 'ரிக்ரெசிவ்' வரி பற்றி ஒரு வரி போதும்: வருமானம் ஏற ஏற அதில் வரியின் பங்கு தேய்ந்துகொண்டே போவது. பாடநூலில் 'தேய்வு வீத வரி' என்று இருப்பது மிகச் சரி. மென்பொருள் துறையில் இருப்பவர்கள் 'ரிக்ரெஷன் டெஸ்டிங்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஒரு வசதி, இன்று செய்த மாற்றத்தால் கெட்டுவிட்டதா என்று பார்க்கும் சோதனை அது. அங்கே சொல் கட்டாயம் கெட்ட பொருளில்தான் வருகிறது.

நன்மையும் தீமையும் அற்ற ஒரு பயன்பாட்டையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பஞ்சாங்கத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளை நாம் ராகு, கேது என்கிறோம். மற்ற கிரகங்கள் பொதுவாக மேஷத்திலிருந்து ரிஷபத்துக்குப் போகும்போது, இவை இரண்டும் ரிஷபத்திலிருந்து மேஷத்துக்கு வருகின்றன. முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டுகள், அதனால்தான் ராகு கேதுப் பெயர்ச்சி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆங்கில வானியல் நூல்கள் இந்தப் புள்ளிகள் ரிக்ரெஸ் ஆகின்றன என்று எழுதுகின்றன. அங்கே அந்த வினையில் எந்தத் தீர்ப்பும் இல்லை. வெறும் திசைதான். செவ்வாய் போன்ற கிரகங்கள் சில வாரங்கள் பின்னே போவதுபோலத் தோன்றுவதற்கு ஆங்கிலத்தில் 'ரெட்ரோகிரேடு' என்று வேறு சொல். நாம் வக்கிரம் என்கிறோம்.

இனி, இந்த வினையை எங்கே வைக்கக் கூடாது என்று பார்ப்போம். பின்னே போகும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பஸ் ரிக்ரெஸ் ஆகாது. ஓட்டுநர் 'ரிவர்ஸ்' எடுப்பார். படை ரிக்ரெஸ் ஆகாது. 'ரிட்ரீட்' ஆகும், அதாவது பின்வாங்கும். வெள்ளம் 'ரிசீடு' ஆகும். தமிழில் வெள்ளம் வடியும். வழுக்கை விழும்போது முடியின் கோடு பின்னே போவதாக ஆங்கிலத்தில் சொல்ல, நாமோ 'ஏறுநெற்றி' என்கிறோம். அவர்கள் முடியைப் பார்க்கிறார்கள், நாம் நெற்றியைப் பார்க்கிறோம். கடலைப் பற்றிய வேறுபாடு இன்னும் நயமானது. 2004 டிசம்பர் 26 அன்று சில கரைகளில் அலை வருமுன் கடல் உள்வாங்கியது. அதற்கு ஆங்கிலத்தில் ரிசீடு என்பதே வினை. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளில் கடல்மட்டம் இறங்கிக் கரை விலகிப்போவதைப் புவியியலாளர்கள் ரிக்ரெஷன் என்கிறார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரையாகக் கிடந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். சில நிமிடங்களில் உள்வாங்கும் கடலுக்கு ஒரு வினை, யுகக்கணக்கில் விலகும் கடலுக்கு இன்னொன்று. படிப்படியாக என்ற அந்த இலத்தீன் வேர் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

'ரிவர்ட்' என்ற சொல்லோடும் இதைக் குழப்பக் கூடாது. பழைய பழக்கத்துக்கோ பழைய உரிமையாளருக்கோ திரும்புவது ரிவர்ட்; அதில் படிகள் இல்லை, ஒரே தாவல்தான். நம் அலுவலகங்களில் 'விரைவில் ரிவர்ட் செய்யவும்' என்று எழுதினால் பதில் அனுப்பு என்று பொருள். இது இந்தியாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பரவலான வழக்கு. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ உள்ள பொது வாசகருக்கு அது விசித்திரமாகப் படும். தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கே எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

இலக்கணத்தில் உறுதியானவை சில. வினையாகும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். பெயராகும்போது முதல் அசையில். புரோகிரஸ், ரெகார்டு, பெர்மிட் போன்ற சொற்களிலும் இதே ஏற்பாடு. பொதுவழக்கில் இது செயப்படுபொருள் குன்றிய வினை. ஒன்று தானாக ரிக்ரெஸ் ஆகும், ஒருவர் இன்னொன்றை ரிக்ரெஸ் செய்ய முடியாது. புள்ளியியல் ஒரு விலக்கு. ஆழ்மயக்கத்தில் (ஹிப்னாசிஸ்) ஒருவரைச் சிறுவயது நினைவுகளுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லும் பயன்பாடு இன்னொன்று. எந்த நிலைக்கு என்பதைச் சொல்ல 'டு' அல்லது 'இன்டு' வரும். பெயர்ச்சொல் பழைய சட்ட ஆவணங்களில் 'இங்கிரஸ், ஈகிரஸ், ரீகிரஸ்' என்று மூவராக வரும்: ஒரு நிலத்துக்குள் நுழையவும் வெளியேறவும் மீண்டும் வரவும் உள்ள உரிமை. தத்துவத்தில் 'முடிவில்லா ரீகிரஸ்' என்று ஒன்று உண்டு. ஒன்றுக்குக் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்கும் காரணம் கேட்டு, நிற்க இடமில்லாமல் போவது. இந்திய தர்க்க மரபு அதை அனவஸ்தை என்று நெடுங்காலத்துக்கு முன்பே பெயரிட்டு ஒரு குற்றமாகவே எண்ணியது.

உறுதியற்றவையும் இருக்கின்றன. 'ரிக்ரெஸ் பேக்' என்று எழுதலாமா என்று கேட்டால், சொல்லுக்குள்ளேயே 'திரும்ப' இருப்பதால் நான் வெட்டிவிடுவேன். ஆனால் நன்றாக எழுதும் ஆங்கிலேயர்களும் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு சமூகம் ரிக்ரெஸ் ஆகிறது என்று எழுதும்போது, சமூகங்களுக்கு ஒரே வளர்ச்சிப் பாதை உண்டு என்ற ஊகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை ஏற்பவர் எழுதலாம். நான் முடிந்தவரை என்ன நடந்தது என்பதை நேராக எழுதிவிடுவேன். 'பிற்போக்கு' என்ற தமிழ்ச்சொல் 'ரிக்ரெசிவ்' என்ற பெயரடைக்கு அரசியல் எழுத்தில் நன்றாகப் பொருந்துகிறது. வினைக்கு அது பொருந்தாது. ஒரு குழந்தையையோ கட்டியையோ பிற்போக்கு என்று சொல்ல முடியாதல்லவா?

இந்த வினைக்கு ஒரே தமிழ்ச்சொல் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் தரமாட்டேன், தந்தால் அடுத்த வீட்டில் இன்னொருவர் கலங்குவார். நீங்கள் அனுப்பிய இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதித் தருகிறேன். முதலாவது: 'கல்லீரலில் முன்பு காணப்பட்ட கட்டி இப்போது சுருங்கியுள்ளது.' அறிக்கையில் பழைய அளவும் புதிய அளவும் மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ அருகருகே இருக்கும். இரண்டையும் சேர்த்து எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள், எண்கள் அவருக்குத் தெளிவாகப் புரியும். இரண்டாவது: 'தம்பி பிறந்த பிறகு, முன்பு விட்டுவிட்ட சில சிறுபிள்ளைப் பழக்கங்கள் அவளிடம் மீண்டும் தென்படுகின்றன.' எந்தப் பழக்கங்கள் என்று ஆசிரியையிடம் கேட்ட பிறகு, 'சில' என்ற இடத்தில் அவற்றின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.